ஞாயிறு மாலை படம் எத்தனை மணிக்கு முடியும்?

ஞாயிறு மாலை டிவிக்குத் திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் நிகழ்ச்சி எப்போது தொடங்கும் என்றுதான் கேட்கிறார்கள். எப்போது முடியும் என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே ஒரே டிவி இருக்கும் வீட்டில் மூன்று பேரைச் சமாதானமாக உட்கார வைத்துவிடலாம்.

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம் கேபிள் இணைப்பு கொடுக்கிறவன். இங்கே வாரம் முழுக்க மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு, கண்ணை இலையிலும் காதை சீரியலிலும் விட்டு வேலை பார்க்கிற பெண்கள் அதிகம். ஞாயிறு ஒருநாள்தான் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்க்கிறார்கள். அந்த மாலை ரிமோட்டுக்காகச் சண்டை போட்டே கழிவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சேனல்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும். சன் டிவியின் ஞாயிறு மாலைப் படம் வழக்கமாக 6.30-க்கு. விஜய் டிவியின் பெரிய ரியாலிட்டி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் 9.30 வாக்கில். பார்த்தால் இரண்டுக்கும் மோதலே இல்லை, படம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். விதிப்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்குப் பத்து நிமிடம், சேனல் தன் நிகழ்ச்சிகளைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இரண்டு நிமிடம், ஆக 12 நிமிடம். மிச்சம் 48 நிமிடம்தான் படம். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 150 நிமிடம். அதை 48-ஆல் வகுத்தால் மூன்று மணி எட்டு நிமிடம் வருகிறது. 6.30-க்குத் தொடங்கிய படம் 9.38-க்கு முடியும். புதுப் படமாக இருந்தால் நான் இன்னும் கால் மணி நேரம் கூட்டியே வைப்பேன். அந்தப் பக்கம் 9.30-க்கு மேடையில் விளக்கு எரியும்போது இந்தப் பக்கம் க்ளைமாக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது யார் ரிமோட்டைத் தொடுவார்கள்?

எதிர்ப் பக்கத்துக்கும் இது தெரியும். அதனால்தான் அவர்கள் முக்கியமான விஷயத்தை முதல் அரை மணி நேரத்தில் வைப்பதில்லை. பிக் பாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2017-ல் கமல்ஹாசன் நடத்த ஆரம்பித்தது, 2024 அக்டோபரில் விஜய் சேதுபதி கைக்கு வந்தது. யார் நடத்தினாலும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொகுப்பாளர் வருவார். வெளியேறுவது யார் என்பது பெரும்பாலும் ஞாயிறு கடைசியில்தான் தெரியும். பத்து மணிக்குச் சேனலை மாற்றினாலும் பெரிதாக எதுவும் போய்விடாது. இது அக்டோபர் தொடங்கி பொங்கல் வரைக்கும் ஓடும் என்பதால், அந்த மாதங்களுக்கு ஒரு திட்டம், மற்ற மாதங்களுக்கு ஒரு திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா நேரத்திலும் நேருக்கு நேர் மோதுவதும் இல்லை. விஜய் டிவியில் 2019-ல் தொடங்கிய குக் வித் கோமாளி சனி, ஞாயிறு இரவுகளில் நல்ல பெயர் எடுத்தது. 2024-ல் சன் டிவி டாப் குக்கு டூப் குக்குவை, அங்கே நடுவராக இருந்த வெங்கடேஷ் பட்டையே வைத்துக் கொண்டுவந்தபோது ஞாயிறு மதியத்தில் போட்டது. நீயா நானாவும் ஒரு காலத்தில் ஞாயிறு இரவு நிகழ்ச்சி. இப்போது மதியத்துக்குப் போய்விட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நிதானமாக உட்கார்ந்து கேட்க வேண்டிய விவாதம், அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரத்தில் வருகிறது. ஆனால் இரவு இடம் பாட்டுக்கும் போட்டிக்கும் போய்விட்டது, அதுதான் நிலைமை.

இத்தனை மல்லுக்கட்டும் எதற்கு? பார்க் (BARC) என்ற அமைப்பு பார்வையாளர் கணக்கு எடுக்கிறது. அவர்களுடைய வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது. முடிவு வியாழக்கிழமைகளில் வரும். சனி, ஞாயிறில் விட்டதை அடுத்த ஐந்து நாள் சீரியல்தான் ஈடுகட்ட வேண்டும். 2015 முதல் கிராமத்து வீடுகளையும் எண்ணுகிறார்கள், அதனால் நம் பக்கத்து ரசனைக்கும் அங்கே மதிப்பு இருக்கிறது.

சரி, வீட்டில் செய்ய வேண்டியதற்கு வருவோம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். சன், விஜய், ஜீ தமிழ் என்று மூன்று பத்தி போடுங்கள். வீட்டில் பழைய படம் விரும்பிகள் இருந்தால் கே டிவிக்கு நான்காவது பத்தி. அது ஒரு மணி, நான்கு, ஏழு, பத்து என்று மூன்று மணி நேரக் கட்டமாகப் போகிற சேனல். அதே கணக்கில் ஒரு கட்டத்துக்குள் 144 நிமிடப் படம்தான் அடங்கும், எனவே நீளமான படமென்றால் ஒரு பாட்டோ காமெடியோ காணாமல் போகும் என்று தெரிந்தே உட்காருங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நேராக, நீங்களே போட்ட முடிவு நேரத்தை எழுதுங்கள். அப்புறம் எதைத் திரும்பப் பார்க்க முடியாதோ அதற்கு மட்டும் ஒரு வட்டம். நேரலைக் கிரிக்கெட்டுக்கு வட்டம் உண்டு. "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக" என்று வருகிற படம் சில வாரத்தில் மறுபடி வரும், வட்டம் வேண்டாம். ரியாலிட்டி நிகழ்ச்சிகள் மறுநாள் போனிலேயே கிடைக்கும்: விஜய் என்றால் ஜியோஹாட்ஸ்டார், சன் என்றால் சன் நெக்ஸ்ட், ஜீ தமிழ் என்றால் ஜீ5.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு ஐபிஎல் சமயத்தில் இப்படிப் போட்டுக் கொடுத்தேன். ஞாயிறு இரண்டு ஆட்டம், 3.30-க்கு ஒன்று, 7.30-க்கு ஒன்று. பேரனுக்கு இரண்டும் வேண்டும். ஆச்சிக்குப் படம். மருமகளுக்குப் பாட்டுப் போட்டி. முதல் ஆட்டம் ஏழேகால் வரை போகும், படம் அதற்குள் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். ஆச்சியிடம் கேட்டேன். "மொத சண்டையும் பாட்டும் போனா போவுது அண்ணாச்சி, கத ஆரம்பிக்கைல எனக்கு டிவி வந்துரணும்" என்றார். அது நடக்கிற காரியம். ஏழேகாலிலிருந்து பத்து மணி வரை ஆச்சிக்கு. பத்துக்கு மேல் இரண்டாவது ஆட்டத்தின் கடைசிப் பத்துப் பன்னிரண்டு ஓவர் பேரனுக்கு, சூடான பகுதியே அதுதான்.

மருமகளை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவருக்குச் சனிக்கிழமை இரவு எழுதினேன், அந்த நேரத்தில் வேறு யாரும் டிவி வேண்டும் என்று கேட்கக் கூடாது என்ற பேச்சோடு. ஞாயிறு பகுதியைத் திங்கள் மதியம் போனில் போட்டுக்கொள்கிறார். பாட்டு நிகழ்ச்சி பீடி சுற்றும்போது கேட்கத் தோதானது. இலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியதில்லை. சமையல் போட்டி அப்படி இல்லை, முகத்தைப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். யாருக்கு எந்த நேரம் என்று பிரிக்கும்போது கண்ணுக்கு வேண்டியதா, காதுக்குப் போதுமா என்பதையும் பாருங்கள்.

சனிக்கிழமையை ஞாயிறு மாதிரி நினைத்துவிடாதீர்கள். சன் டிவி சீரியல்கள் இப்போது திங்கள் முதல் சனி வரை வருகின்றன, அதனால் சனி மாலை பாதி சீரியலுக்குத்தான். இரண்டு சீரியலைச் சேர்த்து மகா சங்கமம் என்று ஒரு மணி நேரம் ஓட்டினால் உங்கள் தாளில் அரை மணி நேரம் புரளும். நம்மூரில் கோயில் கொடைத் திருவிழா செவ்வாய், வெள்ளியில் வருவதால் அது வாரநாள் சீரியலுக்குத்தான் இடைஞ்சல், ஞாயிறைத் தொடாது. தீபாவளி, பொங்கலுக்குக் காலையிலிருந்தே புதிது புதிதாக வரும், அன்றைக்கு முதல்நாள் பேப்பரைப் பார்த்துத் தனித்தாள் போடுங்கள்.

பாக்ஸில் கைடு பட்டனை அழுத்தினால் வருகிற நேரத்தை முழுசாக நம்ப வேண்டாம். கடைசி நேர மாற்றம் அதில் ஏறத் தாமதமாகும். ஞாயிறு மூன்று மணிக்கு மேல் அந்தந்தச் சேனலில் ஓடும் புரோமோவை ஒருமுறை பார்த்துத் தாளைத் திருத்திக்கொள்ளுங்கள். மாதச் சந்தா முடியும் தேதி ஞாயிறில் விழுந்தால் சனிக்கிழமையே கட்டிவிடுங்கள்.