அம்பாசடருக்கு லோக்கல் பார்ட் மாட்டும் முன்

மேற்கு வங்க உத்தரபாராவில் அம்பாசடர் கார் உற்பத்தி நின்றது 2014-இல். இன்று சென்னை புதுப்பேட்டையில் ‘புதுசு சார்’ என்று எடுத்துக் காட்டும் ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே வரும் தகடு), கிரில், கதவு ரப்பர் எல்லாம் பெரும்பாலும் லோக்கல் தயாரிப்புதான். அதில் தப்பில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் பழைய வண்டி வாங்கிய கையோடு வருகிற தம்பிகள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே கூத்தை அதே வரிசையில் செய்வதைப் பார்த்தால் பொறுக்கவில்லை. பில் வாங்குங்கள், விலை விசாரியுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

பெயிண்ட் அடித்துவிட்டுப் பொருத்துவது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

சமீபத்தில் ஒரு மார்க் 3 (அம்பாசடரின் ஒரு மாடல்) வந்தது. புது ஃபெண்டர் வாங்கி, கடையிலிருந்து நேராக பெயிண்டரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவரும் ஸ்டாண்டில் வைத்து பட்டி, பிரைமர், பெயிண்ட் என்று அருமையாக முடித்துவிட்டார். அப்புறம்தான் வண்டியில் மாட்டியிருக்கிறார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததும் கிறீச்சென்று சத்தம். கதவைத் திறக்கும்போது அதன் முன் விளிம்பு ஃபெண்டருக்குப் பின்னால் உள்வாங்கும். அங்கே இடைவெளி போதாமல் உரசி, விரல் நீளத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து சாம்பல் பட்டி தெரிந்தது. பானெட்டோ ஒரு பக்கம் சுண்டுவிரல் நுழையும், மறுபக்கம் காகிதம்கூட நுழையாது. அந்த ஃபெண்டரைக் கழற்றி, டிங்கர் தட்டி, விளிம்பை மடக்கி, மறுபடி பட்டியிலிருந்து ஆரம்பித்தார்கள். கதவுக்கும் சேர்த்து இரண்டு பெயிண்ட் செலவு.

லோக்கல் ஃபெண்டர் அப்படியே உட்காராததற்குக் காரணம் இருக்கிறது. ஏற்கெனவே தட்டி எடுத்த ஃபெண்டரை மாதிரியாக வைத்து டை, அதாவது தகட்டை அழுத்தி வடிவம் எடுக்கும் அச்சு, செய்வார்கள். அந்த டை தேய்ந்ததும் அதில் வந்த பீஸை வைத்து அடுத்த டை. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்த கதைதான். வளைவு மழுங்கும், போல்ட் ஓட்டை நகரும், தகடும் மெலிந்திருக்கும். டாக்ஸிக்காரருக்கு மறுநாள் வண்டி ஓடினால் போதும் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆகவே வெறும் தகடாக இருக்கும்போதே மாட்டிப் பாருங்கள். இன்ஜின் உள்ளே இருக்க வேண்டும். வண்டி ஜாக்கியில் இல்லாமல் நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும். பாரம் இறங்கினால் பழைய பாடியில் இடைவெளி மாறும். முதலில் பின் கதவு, அதற்கு ஒத்து முன் கதவு, அதற்கு ஒத்து ஃபெண்டர், கடைசியில் பானெட், கிரில். போல்டைக் கையால் மட்டும் முடுக்கி, எல்லாம் ஒத்துவந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். ஹெட்லைட் ரிங்கையும் பம்பரையும் வைத்துப் பாருங்கள். பீடிங்குக்கு (பக்கவாட்டில் ஓடும் அலங்காரப் பட்டை) ஓட்டை போடுவதானால் அதுவும் இப்போதே. பட்டியும் பெயிண்டும் ஏறினால் இடைவெளி இன்னும் குறையும், அதற்கும் இடம் விடுங்கள். ஒரே சீரான கோடு வேண்டுமென்று அடம்பிடிக்காதீர்கள். கம்பெனியிலிருந்து வந்த அம்பாசடரிலேயே அது கிடையாது.

ஓட்டை ஒத்து வரவில்லையா? ஃபெண்டர் பக்கத்து ஓட்டையை அரம் வைத்து நீளமாக ராவுங்கள். பாடியில் கை வைக்காதீர்கள். நாளைக்கு ஒரிஜினல் ஃபெண்டர் ஒன்று கிடைத்தால் அதை எங்கே மாட்டுவீர்கள்?

கதவு ரப்பருக்காகக் கதவை வளைப்பது

லோக்கல் ரப்பர் பல சமயம் கல்லு மாதிரி இருக்கும். கதவு மூடாது. உடனே கதவுப் பூட்டின் கொக்கியை நகர்த்துவார்கள், கீலைத் தட்டுவார்கள். ரப்பர் இல்லாமல் ஒருமுறை மூடிப் பாருங்கள். சரியாக மூடினால் குற்றவாளி ரப்பர்தான். நடுவில் பொந்து உள்ள, அமுக்கினால் அமுங்குகிற ரப்பராகத் தேடுங்கள்.

எட்டு எம்எம் போல்ட்

மோரிஸ் என்ற இங்கிலாந்து கார் வழி வந்த வண்டி, பெரும்பாலும் இன்ச் மரை. 5/16 இன்ச் என்றால் 7.94 மி.மீ., எட்டுக்கு மயிரிழைதான் குறைவு. அதனால் எம்8 போல்ட் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். அங்கேதான் நம் ஆள் நீளமான ஸ்பேனரை எடுப்பார். மரையின் இடைவெளி எம்8-இல் 1.25 மி.மீ., 5/16 யூஎன்எஃப் என்னும் இன்ச் மரையில் 1.06. சேரவே சேராது. கையால் முழுதாக ஏறாத போல்டை வெளியே எடுங்கள்.

‘அம்பாசடர் கிரில் ஒண்ணு’ என்று கேட்பது

எந்த மார்க் என்று சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பழைய பார்ட்டை காயலான் கடையில் போடுவது

போடாதீர்கள். துருப்பிடித்த ஒரிஜினலில்கூட ஓட்டைகளின் அளவு சரியாக இருக்கும்.

பிரேக், ஸ்டியரிங் பாகங்கள்

மேலே சொன்ன ராவுகிற வேலை எதுவும் இங்கே கிடையாது. பொருந்தவில்லை என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.