கோலம் போடும் இடத்தில் மண்மேடு: பெருச்சாளியைச் சமாளிப்பது எப்படி

காலையில் வாசல் தெளிக்கப் போனால் படிக்கட்டோரம் ஒரு முறம் ஈர மண் குவிந்திருக்கும். சென்னைத் தண்டையார்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இருபத்திரண்டு வருடமாக இதே வீட்டில் இருக்கிறேன். சில சொந்தக்காரர்களைவிடப் பெருச்சாளியைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் வந்திருப்பது அதுதானா என்று பாருங்கள். கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடும் கூர்மூக்குச் சின்னது மூஞ்சூறு. கொஞ்சம் நாறும், அவ்வளவுதான். கரப்பான்பூச்சியைத் தின்னும், விட்டுவிடுங்கள். பெருச்சாளி வேறு ரகம். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா ‘பந்திகொக்கு’ என்பார், பன்றி எலி என்று அர்த்தம். ஆங்கிலத்தில் பாண்டிகூட் என்பதும் அதிலிருந்து போனதுதான். எங்கள் வீட்டுப் பூனை அதைப் பார்த்தால் பீரோ மேல் ஏறிக்கொள்ளும்.

விஷம் வைக்காதீர்கள். நான் ஒருமுறை வைத்தேன், மாமியார் திதிக்கு நாலு நாள் முன்பு. தின்றுவிட்டுத் தரைக்கு அடியில் எங்கோ போய்ச் செத்தது. திதியன்று போட்ட சாம்பிராணியில் ஐயருக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர நாற்றம் போகவில்லை. விஷம் தின்று செத்ததைத் தின்றால் காக்கையும் பூனையும் சேர்ந்து போகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை அரசு தடை செய்திருக்கிறது, அது மனிதனின் கல்லீரலையே அழித்துவிடும். ட்யூபில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

அடுத்த தப்பு, வளையைப் பார்த்ததும் சிமென்ட் அடிப்பது. அதையும் செய்தேன். பகலில் அது உள்ளேதான் தூங்கும். நாம் அடைத்தால் ஒரு முழம் தள்ளி இன்னொரு வாசல் வைத்துக்கொள்ளும். முதலில் எந்த வளை நடமாட்டத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். சாயங்காலம் எல்லா வளையிலும் பழைய பேப்பரைக் கசக்கித் திணியுங்கள். காலையில் எது வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான். எங்கள் வீட்டில் ஐந்து வளை, நடமாட்டம் இரண்டில் மட்டும்.

அங்கே கம்பிக் கூண்டு வையுங்கள். சுண்டெலிப் பொறி பத்தாது, பெரிய கூண்டு வேண்டும். சுவரை ஒட்டி வைத்து மேலே கோணி போர்த்திவிடுங்கள், நடுத்தெருவில் வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. மசால்வடை எல்லாம் சுண்டெலிக்கு. இதற்கு கருவாடுதான், லேசாகச் சுட்டது. புதுப் பொருளைப் பார்த்தால் அதற்குச் சந்தேகம். அதனால் முதல் இரண்டு மூன்று ராத்திரி கதவு விழாதபடி கட்டிவிட்டுச் சும்மா தின்னக் கொடுங்கள். அப்புறம் கட்டை அவிழுங்கள். சிக்கியதை என் வீட்டுக்காரர் கோணியோடு தூக்கிக்கொண்டு போவார். என்ன செய்கிறார் என்று நான் கேட்பதில்லை.

திணித்த பேப்பர் இரண்டு ராத்திரி அசையாமல் இருந்தால் அப்போது அடையுங்கள். முதலில் செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும் ஆழமாகக் குத்திச் செருகி, மேலே ஜல்லிக் கலவை. பாத்ரூம் தண்ணீர் போகும் ஓட்டைக்கு எவர்சில்வர் ஜாலி, கண் அரை அங்குலத்துக்குக் குறைவாக. பிளாஸ்டிக் ஜாலி ஒரே ராத்திரியில் போய்விடும். இதற்குப் பிறகும் அதே இடத்தில் மண் வந்து, சாக்கடை வாடையும் அடித்தால், உள்ளே பழைய பீங்கான் பைப் உடைந்திருக்கும். கொத்தனாரை விட்டுவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

தெருப் பக்கம் உடைந்திருந்தால் எங்கே சொல்வது என்பதில்தான் பாதிப் பேர் அலைகிறார்கள். மழைநீர் வடிகால், குப்பை என்றால் மாநகராட்சி, 1913. பாதாளச் சாக்கடை என்றால் குடிநீர் வாரியம், 1916. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள்.

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமைதான் பெருச்சாளிக்குத் தீபாவளி. காசிமேட்டு மீன் வராத வீடு இல்லை. செதிலும் குடலும் சாக்கடையில் போகிற வரைக்கும் கூண்டு வைத்துப் பிரயோஜனமே இல்லை. நான் மீன் கழிவை உப்புப் போட்டுக் கவரில் கட்டி, மூடியுள்ள பக்கெட்டில் வைத்து, காலையில் குப்பை எடுக்க வரும் பேட்டரி வண்டியில் கொடுக்கிறேன்.

பெருச்சாளி மூத்திரம் பட்ட இடத்தைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். பிளீச்சிங் பவுடர் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், கையில் உறை போட்டுக்கொண்டு. மழைத்தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் டாக்டரிடம் வீட்டில் பெருச்சாளி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

எலி வளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். போன ஐப்பசியில் எங்கள் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாரை. அதற்கு விஷம் கிடையாது, பெருச்சாளிக் குட்டியைத் தின்னத்தான் வந்தது. ஆனாலும் சாரையா நல்லபாம்பா என்று இருட்டில் ஆராய வேண்டாம். தூர நின்று கண் வைத்துக்கொண்டு தீயணைப்புத் துறைக்கு, 101க்குப் போன் செய்யுங்கள், அடிக்காதீர்கள், சட்டப்படியும் குற்றம். கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு.

எங்கள் வரிசையில் ஆறு வீடு இப்போது அடைத்தாயிற்று. கோடிவீட்டில் மட்டும் இன்னும் மீன் கழிவு சாக்கடைக்குத்தான் போகிறது. இந்த ஞாயிறு கூண்டையும் நாலு துண்டு கருவாட்டையும் எடுத்துக்கொண்டு நானே போகப் போகிறேன்.