ஜெர்மனியில் ஒரு செமஸ்டர்: புதிதாக வரும் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு

முதலில் காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் டிசம்பரோடு ஒரு செமஸ்டர் முடிந்து, ஜனவரியில் அடுத்தது தொடங்கிவிடும். ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி முதல் வாரங்கள் வரை போகும். தேர்வுகள் அதற்கு அப்புறம்தான், சில பாடங்களுக்கு மார்ச்சிலும் இருக்கும். பலருக்கு விசா கைக்கு வந்த பிறகுதான் இது உறைக்கிறது. நீங்கள் இங்கே தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது ஊரில் அடுத்த செமஸ்டர் ஐந்தாறு வாரம் ஓடியிருக்கும். 75 சதவீத வருகைப் பதிவு இல்லாவிட்டால் தேர்வெழுத விடாத கல்லூரி என்றால் கதை அங்கேயே சிக்கிக்கொள்ளும். அதனால் கிளம்பும் முன்பே துறைத் தலைவரிடம் தாமதமாக வந்து சேர்வதற்கான அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். ‘பாத்துக்கலாம்ப்பா, போயிட்டு வா’ என்று அவர் வாயால் சொன்னது, நீங்கள் திரும்பும்போது வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்தால் உதவாது.

கிரெடிட் கணக்கும் இதைப் போலவே முக்கியம். ஐரோப்பியக் கணக்கில் ஒரு முழு செமஸ்டர் என்பது 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள், வீட்டில் தனியாகப் படிப்பதும் அதில் சேர்த்தி. எந்தெந்தப் பாடம் படிக்கப் போகிறீர்கள் என்று கிளம்பும் முன் நீங்கள் போடும் கற்றல் ஒப்பந்தத்தில் (லேர்னிங் அக்ரிமென்ட்) உள்ள பாடங்களில் ஒன்றிரண்டு இங்கே வந்து பார்த்தால் அந்த செமஸ்டரில் நடக்காது, அல்லது ஜெர்மன் மொழியில் மட்டும் நடக்கும். மாற்றுப் பாடம் எடுப்பது எளிது. ஆனால் அதை உங்கள் கல்லூரி ஏற்றுக்கொள்கிறது என்ற மின்னஞ்சல் வரும் வரை அதை உறுதி என்று நினைக்காதீர்கள். மார்க் முறையும் தலைகீழ்: 1.0 மிக உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 தோல்வி. ஊரில் அதை எப்படி மாற்றிக் கணக்கிடுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. வகுப்புக்குப் பெயர் கொடுப்பது வேறு, தேர்வுக்குப் பெயர் கொடுப்பது வேறு. ஒரு பாடத்துக்கு ஒரு நாள் விடாமல் போனேன், பயிற்சித் தாள்களை எல்லாம் எழுதிக் கொடுத்தேன். தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பது தெரியாமல் கடைசித் தேதி போய்விட்டது. அந்த 5 கிரெடிட்டும் போனது. ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு பாடத்தைக் கூடுதலாகச் சுமந்தேன். இங்கே பல பாடங்களில் இன்டர்னல் மார்க் என்று எதுவும் இல்லை. கடைசியில் எழுதும் ஒரே தேர்வுதான் முழு மார்க்கும். மறுதேர்வு வைக்கும்போது நீங்கள் பெரும்பாலும் ஊரில் இருப்பீர்கள். இங்கேயே பட்டம் படிக்கிற மாணவனுக்கு அடுத்த செமஸ்டர் உண்டு, உங்களுக்கு இல்லை. ஆகவே வந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்வுப் பதிவு எந்தத் தேதியில் திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

சரி, இனி காகித வேலைகள். இவை ஒன்றைப் பிடித்து ஒன்று வருபவை. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் அல்லது விடுதி நிர்வாகம் கையெழுத்திட்ட குடியிருப்புச் சான்று வேண்டும்; வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. அந்தப் பதிவு கிடைத்தால் வங்கி வேலையும் தங்கும் அனுமதியும் நகரும். விசா எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். செமஸ்டர் முடிவதற்குள் முடிகிறது என்றால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அன்றே நேரம் கேட்டு எழுதுங்கள், காத்திருப்பு வாரக்கணக்கில் போகும். முடக்கக் கணக்கில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு மாதம் ஒரு தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், பணம் போட்டு வருபவர்களுக்கு இப்போது மாதம் 992 யூரோ என்ற கணக்கு. இங்கே வந்து சாதாரண வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்த பிறகுதான் அது மாதா மாதம் கைக்கு வரும். வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, சாப்பாட்டுச் செலவு எல்லாம் அதற்கு முன்பே வந்து நிற்கும். அதற்கென்று தனியாகப் பணம் கொண்டு வாருங்கள்.

நம்மவர்களுக்கு என்றே ஒரு சிக்கல் இருக்கிறது: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், சிலருக்கு குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருக்கும். இங்குள்ள எந்தப் படிவமும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. பல்கலைக்கழகத்தில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம், காப்பீட்டில் இன்னொரு விதம் என்று பதிந்துவிட்டால் ஒவ்வொரு கடிதமும் வேறு ஆளுக்கு வந்தது மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரே வடிவத்தை முடிவு செய்து எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். மருத்துவமனையில் உங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காது கொடுத்துக் காத்திருங்கள், அது நீங்கள்தான். குடியேறிய அன்றே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுங்கள். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வங்கி அட்டை உட்பட இங்கே இன்னும் பல விஷயம் தபாலில்தான் வருகிறது.

முகவரி பதிந்த சில வாரத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ. வீட்டில் டிவி இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், டிவி இருக்கிறதா என்பது கணக்கே இல்லை. ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும், ஆகவே கூட இருப்பவர்கள் கட்டுகிறார்களா என்று கேளுங்கள், கட்டினால் அவர்களுடைய கட்டணக் கணக்கு எண்ணைப் பதிலில் கொடுங்கள்.

சாப்பாடு பற்றித்தான் அம்மாக்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். பெட்டியில் நெய், பால்கோவா, கறி வகைகள் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலை உள்ளிட்ட பச்சைத் தழைகளுக்கும் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழத்துக்கு விலக்கு உண்டு. பொடி வகைகள், புளி, பெருங்காயம், சின்ன குக்கர் ஒன்று போதும். மற்றது இங்கே கிடைக்கும், அதிலும் மேற்கு ஜெர்மனி நகரங்களில் ஈழத்தமிழர் கடைகளில் முருங்கைக்காய் வரை வாங்கலாம். குளிரில் இட்லி மாவு புளிக்காது என்று கைவிட வேண்டாம். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு ராத்திரி முழுக்க உள்ளே வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும். தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அடித்துப் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து நிற்பார்கள். மதியத்துக்கு பல்கலைக்கழக உணவகமான மென்ஸா இருக்கிறது, மூன்று நான்கு யூரோவில் வயிறு நிறையும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமையே அரிசி பருப்பு வாங்கி வையுங்கள்.

மருத்துவக் காப்பீடு விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஊரில் மலிவாக வாங்கிய பயணக் காப்பீட்டைப் பல்கலைக்கழகம் ஏற்காமல் போகலாம். அரசு முறைக் காப்பீட்டிலிருந்து விலக்குக் கேட்டு கையெழுத்திட்டால் அந்தப் படிப்பு முடியும் வரை திரும்பிச் சேர முடியாது. பேசிப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112. ராத்திரியில் காய்ச்சல் மாதிரி, காத்திருக்க முடியாத ஆனால் ஆபத்தில்லாதவற்றுக்கு 116117.

நவம்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்டோபரின் புதுமை தீர்ந்துபோய், தீபாவளியும் கடந்து, அறையில் தனியாக இருக்கும் மாதம் அது. டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிடும். வெயிலிலேயே வளர்ந்த நமக்கு இது உடம்பையும் மனதையும் உண்மையாகவே பாதிக்கும். அதைச் சோம்பல் என்று நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பகல் வெளிச்சம் இருக்கும்போது தினமும் அரைமணி நேரம் வெளியே நடங்கள். தூக்கமோ சாப்பாடோ குலைந்தால் பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடம் போங்கள். நானும் போனேன், அந்த மூன்று சந்திப்புகள் இல்லாவிட்டால் தேர்வு எழுதியிருக்க மாட்டேன்.

அந்த மாதங்களில் ஒரு நாள் மேற்கு ஜெர்மனியில் உள்ள ஹாம் நகருக்குப் போய் வாருங்கள். அங்கே ஊன்ட்ரோப் பகுதியில் 2002-இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்மன் கோவில் கோபுரத்தோடு நிற்கிறது. போரினால் ஊரை விட்டு வந்த ஈழத்தமிழர்களின் முயற்சி அது. கோடையில் தேர் இழுப்பார்கள். கோவிலிலும் கடைகளிலும் அண்ணா, அக்கா என்று பேசத் தொடங்கினால் வீட்டுக்கே கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். ‘எப்படி வந்தீங்க, எப்ப வந்தீங்க’ என்று நாமாகக் கேட்டுத் துருவ வேண்டாம். அவர்கள் சொல்லும்போது கேட்டால் போதும். அதே நேரம் ஆறு மாதமும் நம்மவர்களோடு மட்டுமே கழித்துவிடாதீர்கள். வகுப்பு முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் மேசையைத் தட்டுவார்கள். அப்படித் தட்டிவிட்டு எழும்போது பக்கத்தில் இருப்பவரிடம் ‘சேர்ந்து படிக்கலாமா’ என்று கேளுங்கள். அவர்களாக வந்து பேச மாட்டார்கள், கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள். என் பழைய வினாத்தாள்கள் எல்லாம் அப்படிக் கிடைத்தவைதான்.

கிளம்பும் முன்: முகவரிப் பதிவை ரத்து செய்வது, வானொலிக் கட்டணத்தை நிறுத்துவது, காப்பீட்டை முடிப்பது மூன்றையும் பயண வாரத்தில் செய்யுங்கள். வங்கிக் கணக்கை மட்டும் உடனே மூடாதீர்கள், வீட்டு முன்பணம் திரும்பி வர சில மாதம் ஆகலாம். வந்த முதல் நாளே அறையின் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வைத்திருந்தால் சாவி கொடுக்கும் அன்று பேச்சு சுருக்கமாக முடியும். மதிப்பெண் பட்டியல் பெரும்பாலும் நீங்கள் ஊர் போன பிறகுதான் தயாராகும். யாருக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்ற மின்னஞ்சல் முகவரியை கிளம்புவதற்கு முன் நேரில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.