கூபேயா, வேகமான சொகுசு செடானா? முதன்முறை வாங்குபவருக்கான செய்முறை விளக்கம்

இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூபே ஒன்றையும், அதைவிட அதிகக் குதிரைத்திறன் கொண்ட நான்கு கதவு சொகுசு செடான் ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த நிலையில் வெகுநாள் இருந்து, பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அப்போது பின்பற்றிய வழிமுறையைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். நான் வாங்கியது செடான். ஆனால் இதே படிகளைக் கடந்து வரும் வேறொருவர் கூபேயை வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் நிறைய இருக்கின்றன. டர்போ, பின்சக்கர இயக்கம் போன்ற அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு கேள்வியை ஒதுக்கிவிட வேண்டும். இரண்டில் எது வேகமானது என்பதை வைத்து இந்த முடிவை எடுக்க இயலாது, ஏனென்றால் இன்றைய வேகமான செடான்கள் நேர்கோட்டில் பெரும்பாலான கூபேக்களை முந்திவிடுகின்றன. நீங்கள் அன்றாடம் ஓட்டும் வேகத்தில், அன்றாடம் செல்லும் சாலையில், எந்தக் கார் ஓட்டும் இன்பத்தைத் தருகிறது என்பதையே கண்டறிய வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்கானவையே.

படி 1: பின் இருக்கையின் கணக்கு

கடந்த சில வாரங்களில் நீங்கள் மேற்கொண்ட பயணங்களை நினைவிலிருந்து எழுதாமல், கைப்பேசியின் இருப்பிடப் பதிவைப் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் எதிரே, பின் இருக்கையில் யார் அமர்ந்தார், எவ்வளவு நேரம் அமர்ந்தார் என்று குறியுங்கள். வளர்ந்தவர் ஒருவர் வாரந்தோறும் பின்னால் அமர்கிறார், வீட்டில் வேறு காரும் இல்லை என்றால், இங்கேயே நிறுத்திவிட்டு செடானைத் தேர்ந்தெடுங்கள். மீதிப் படிகள் எந்தச் செடான் என்று முடிவு செய்யப் பயன்படும்.

படி 2: கூபேக்களை இனம் பிரித்தல்

கூபே என்ற பெயரில் விற்கப்படும் கார்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. போர்ஷே 911, டொயோட்டா ஜிஆர்86 போன்றவை தொடக்கத்திலிருந்தே ஸ்போர்ட்ஸ் காராக வடிவமைக்கப்பட்டவை. பிஎம்டபிள்யூ எம்4 அப்படியன்று. அது எம்3 செடானின் உடன்பிறப்பு. தற்போதைய தலைமுறையில் இரண்டுக்கும் அதே 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், அதே 2,857 மி.மீ. வீல்பேஸ் (முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம்), கிட்டத்தட்ட அதே எடை. மூன்றாவது இனம் நெடுந்தூரப் பயணத்துக்கான பெரிய கூபே. 5.0 லிட்டர் வி8 எஞ்சின் கொண்ட லெக்சஸ் எல்சி 500 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேரழகான கார், ஆனால் எடை 1,900 கிலோவைத் தாண்டும்.

இங்கே என் கருத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். எம்4 போன்ற இரண்டாவது இனத்துக் கூபேயை, அதன் தோற்றம் உங்களைக் கட்டிப்போட்டாலன்றி, வாங்க வேண்டியதில்லை. பின் கதவுகளையும் பின் இருக்கையின் வசதியையும் விட்டுக்கொடுப்பதற்கு ஈடாக எடைக் குறைவோ, தாழ்ந்த இருக்கையோ, கூர்மையான ஸ்டீயரிங்கோ கிடைக்க வேண்டும். ஒரே அடித்தளத்தில் கட்டிய இரண்டில் அந்த ஈடு பெரிதாகக் கிடைப்பதில்லை. எம்3, எம்4 இரண்டும் எதிரே நின்றால் நான் எம்3 பக்கம்தான் போவேன். ஆக, இந்தக் கட்டுரையில் இனி கூபே என்று சொல்லும்போது முதல் இனத்தையே குறிக்கிறேன்.

படி 3: விவரத்தாளில் எடையைத் தேடுதல்

பலரும் விவரத்தாளில் குதிரைத்திறனையும், 100 கி.மீ. வேகத்தை எட்டும் நேரத்தையும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் எடையையும் வீல்பேஸையும் பாருங்கள்.

2019இல் வந்த 992 தலைமுறை 911 கரேரா 385 குதிரைத்திறனும் 1,505 கிலோ எடையும் கொண்டது. 2024இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்5 பிளக்-இன் ஹைபிரிட் செடானுக்கு 727 குதிரைத்திறன், 2,435 கிலோ எடை. ஒரு டன்னுக்கு இத்தனை குதிரைத்திறன் என்று வகுத்துப் பார்த்தால் 911க்கு ஏறத்தாழ 256, எம்5க்கு ஏறத்தாழ 299 என்று வரும். எனவே தாளில் செடானே வெல்கிறது. ஆனால் இந்த விகிதம் நேர்கோட்டு முடுக்கத்தை மட்டுமே ஓரளவு சொல்லும். பிரேக் மிதிக்கும்போது ஒரே வேகத்தில் எம்5 அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் 911ஐவிடச் சுமார் 60 விழுக்காடு அதிகம். வளைவில் திரும்பும்போதும் அதே கூடுதல் எடையை டயர்கள்தாம் தாங்கிப் பிடிக்க வேண்டும். எஞ்சினின் சக்தியைக் கூட்டி முடுக்கத்தில் எடையை மறைக்கலாம். பிரேக்கிலும் வளைவிலும் அந்த உத்தி உதவாது.

எடையைப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் வெவ்வேறு தாள்களை ஒப்பிட்டபோது ஒரே காருக்கு இரண்டு எடைகள் தென்பட்டு, எதை நம்புவது என்று குழம்பினேன். காரணம் எளியது. டிஐஎன் என்ற ஜெர்மானியத் தர முறையில் அளந்த எடையில் ஓட்டுநர் சேரமாட்டார். ஐரோப்பிய ஒன்றிய முறையில் ஓட்டுநருக்காகவும் சிறு சுமைக்காகவும் 75 கிலோ சேர்த்துச் சொல்வார்கள். ஒரு காரின் டிஐஎன் எடையை இன்னொரு காரின் ஒன்றிய எடையோடு ஒப்பிட்டால் முடிவு பிழைபடும். மேலே நான் தந்த இரண்டும் டிஐஎன் எடைகள்.

வீல்பேஸ் 911க்கு 2,450 மி.மீ., எம்5க்கு 3,006 மி.மீ. நீளமான வீல்பேஸ் கொண்ட கார் நெடுஞ்சாலையில் அலைபாயாமல் செல்லும், மேடுபள்ளங்களையும் மென்மையாகக் கடக்கும். குட்டையான வீல்பேஸ் கொண்டது குறுகிய வளைவில் உடனே திரும்பும். பெரிய செடான்கள் பலவற்றில் குறைந்த வேகத்தில் பின்சக்கரங்களும் எதிர்த்திசையில் சிறிது திரும்பும் ஏற்பாடு இருப்பதால், ஓட்டும்போது இந்த வேறுபாடு தாளில் உள்ள அளவுக்குப் பெரிதாகத் தெரியாது.

படி 4: நிறுத்திய காரில் செய்ய வேண்டிய சோதனை

அளவுநாடா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கூபேயின் கதவு செடானின் முன்கதவைவிட நீளமானது. நீங்கள் வழக்கமாக நிறுத்தும் இடத்தில் பக்கத்துக் காருக்கும் உங்கள் காருக்கும் இடையே உள்ள இடைவெளியை முன்கூட்டியே அளந்து, அந்த அளவுக்கு மட்டும் கதவைத் திறந்து இறங்கிப் பாருங்கள். அமர்ந்த பிறகு, உடலைத் திருப்பாமல் சீட் பெல்ட்டை எட்டி எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கூரையைத் தாங்கும் பின்பக்கத் தூண் மறைக்கும் பகுதியில் ஒருவரை நிற்கவைத்து, எங்கே கண்ணுக்குத் தப்புகிறார் என்று கவனியுங்கள். குழந்தை இருக்கை இருந்தால் அதைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள், விற்பனையாளரின் வாய்மொழி போதாது.

படி 5: ஓட்டிப் பார்த்தல்

இந்தப் படியில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. பிறருக்கும் இங்கேதான் தடுமாற்றம் வருவதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். டெஸ்ட் டிரைவில் எல்லாரும் முதலில் செய்வது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பது. 700 குதிரைத்திறன் முதுகை இருக்கையோடு அழுத்திய அந்த ஒரு கணத்துக்குப் பிறகு மனம் நடுநிலையில் இருக்காது. அதன்பின் ஏறும் கூபே எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் சோம்பலாகத் தோன்றும். அதனால் வரிசை முக்கியம். கூபேயை முதலில் ஓட்டுங்கள், பிறகு செடானை ஓட்டுங்கள், முடிந்தால் மீண்டும் கூபேயில் ஒரு சுற்றுப் போங்கள். மூன்றும் ஒரே நாளில், ஒரே சாலையில் நடக்க வேண்டும். வேறு வேறு நாளில் ஓட்டினால் சாலையும் வானிலையும் உங்கள் மனநிலையும் மாறிவிடும், ஒப்பீடு நிலைக்காது.

இரண்டு காரையும் கம்ஃபர்ட் எனப்படும் மென்மையான ஓட்டுமுறையில் வைத்துத் தொடங்குங்கள். ஸ்போர்ட் பொத்தானைக் கடைசிவரை தொட வேண்டாம். இசையை அணைத்துவிடுங்கள். எஞ்சின் ஒலியை ஒலிபெருக்கி வழியாகக் கூட்டிக் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் அணைக்க முடியுமா என்று கேளுங்கள். 2011இல் வந்த எம்5 முதற்கொண்டு பல கார்களில் இந்த வேலை நடக்கிறது, உண்மையான ஒலி எவ்வளவு என்பது அணைத்தால்தான் தெரியும்.

முதல் பகுதியை 30 முதல் 50 கி.மீ. வேகத்தில், சீரற்ற சாலையில் ஓட்டுங்கள். பெரும்பாலானோரின் ஓட்டுநேரத்தில் பெரும்பகுதி இந்த வேகத்தில்தான் கழிகிறது. கூபேயில் சிறு மேடும் இடுப்புக்கு வந்து சேரும், ஆனால் அதே வேளையில் முன்சக்கரங்கள் என்ன செய்கின்றன என்பது ஸ்டீயரிங் வழியே கைக்குத் தெரியும், சாதாரணத் திருப்பம்கூட ஒரு சிறு நிகழ்ச்சியாக இருக்கும். செடானில் இவை இரண்டும் இருக்காது. அதன் தரமே, இந்த வேகத்தில் எதுவும் நடக்காததுபோல் உங்களை அழைத்துச் செல்வதுதான். உங்களுக்கு எது வேண்டும் என்பதை இந்தப் பகுதி முடிந்தவுடனேயே, கருத்து மாறுவதற்கு முன், கைப்பேசியில் குரலாகப் பதிவு செய்யுங்கள். எழுதி வைப்பதைவிட இதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் வார்த்தைகளைவிடக் குரலில் உற்சாகமும் சலிப்பும் மறைக்க முடியாமல் வெளிப்படும். முடுக்க நேரத்தை அளக்கும் செயலிகளை ஒதுக்கிவிடுங்கள், அவற்றின் எண்கள் இந்த முடிவுக்கு எந்த வகையிலும் உதவமாட்டா.

இரண்டாம் பகுதியில் ஊர்ந்து செல்லும் நெரிசல் ஒன்றைத் தேடிச் செல்லுங்கள். ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றில் உள்ள இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வேகத்தில் மின்னலாக மாறினாலும், ஊர்தலில் சில கார்களில் இழுத்து விடுவதுபோல் நடந்துகொள்ளும். எஞ்சின் விசையைத் திரவத்தின் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கொண்ட ஆட்டோமேட்டிக் இதில் மென்மையானது. முந்தைய எம்5இல் இருந்த இரட்டை கிளட்சை விட்டு, 2017இல் வந்த தலைமுறையில் பிஎம்டபிள்யூ எட்டு கியர் டார்க் கன்வெர்ட்டருக்கு மாறியது. எனவே இதைப் பழைய தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

மூன்றாம் பகுதி நெடுஞ்சாலை. அனுமதிக்கப்பட்ட வேகத்தில் சீராகச் சென்று, பக்கத்தில் இருப்பவரோடு இயல்பான குரலில் பேசுங்கள். அகன்ற பின் டயர்களின் இரைச்சலால் கூபேயில் குரலை உயர்த்த வேண்டி வரலாம். வாரத்தில் ஓரிரு மணிநேரம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நாள்தோறும் நெடுந்தூரம் என்றால் இந்த ஒன்றே முடிவைத் தீர்மானிக்கும். இவை எல்லாம் முடிந்த பிறகு, பாதுகாப்பான இடத்தில், சட்ட வரம்புக்குள் ஒரு முறை முழு முடுக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: பராமரிப்பைக் கணக்கிடுதல்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் இரண்டு வகையும் இதில் இரக்கம் காட்டுவதில்லை. மேலே சொன்ன 911 கரேராவில் முன் டயர் 235/40 இசட்ஆர்19, பின் டயர் 295/35 இசட்ஆர்20. அகலமும் விட்டமும் வேறுபடுவதால் முன்னும் பின்னும் மாற்றிப்போட்டு ஆயுளை நீட்டிக்க வழியில்லை. வேகமான செடான்கள் பலவற்றிலும் இதே நிலைதான், அதோடு எடையும் சேர்ந்து டயரையும் பிரேக்கையும் தின்னும். கார்பன்-செராமிக் பிரேக் உள்ள காராக இருந்தால், டிஸ்க் மாற்ற எவ்வளவு ஆகும் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டறியுங்கள். காப்பீட்டுக் கட்டணத்தையும் இரண்டு காருக்கும் தனித்தனியாக எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பயன்படுத்திய கார் என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் இறுதியில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பிரேக் டிஸ்க்கில் அதன் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும், அளந்து ஒப்பிடுங்கள். உலோகச் சுருள்களுக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் கொண்ட செடானை இரவு முழுவதும் நிறுத்திவைக்கச் சொல்லிக் காலையில் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அங்கே காற்றுக் கசிவு இருக்கலாம்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர், நான்கு கதவு கூபே என்று விற்கப்படும் கார்களை எதில் சேர்ப்பது என்று கேட்டார்கள். 2004இல் வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் சிஎல்எஸ் இந்தப் போக்கைப் பரவலாக்கியது. அவற்றைச் செடானாகவே கொள்ளுங்கள், ஆனால் நான்காம் படியில் உங்கள் வீட்டிலேயே உயரமானவரைப் பின் இருக்கையில் அமரவைத்துக் கூரை தலையில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

வேகமான மின்சார செடான்களைப் பற்றியும் கேள்வி வந்தது. மேற்கண்ட படிகள் அவற்றுக்கும் பொருந்தும், எடைக் கணக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். ஆனால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே காரை மெதுவாக்கும் அளவு காருக்குக் கார் மாறும். ஓட்டிப் பார்க்கும் முன் அதை மிகக் குறைந்த நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் சில நிமிடங்களில் அந்த மெதுவாக்கலையே காரின் குணமாக எடுத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கையும் சஸ்பென்ஷனையும் கவனிக்கத் தவறிவிடுவீர்கள்.