த்ரில்லருக்கு ஜோடியாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் இரவுக் காட்சியில் எங்களுக்கு முன்வரிசையில் ஓர் இளம் ஜோடி. படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் கழித்து வந்தார்கள். செல்போன் வெளிச்சத்தில் இருக்கை எண்ணைத் தேடி உட்கார்ந்ததும் அந்தப் பையன் கிசுகிசுத்த முதல் கேள்வி: "செத்தது யாரு?" என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன்.

செல்போனை அணைத்து வையுங்கள், காலை முன்சீட்டில் போடாதீர்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அதைத் திரையிலேயே போட்டுவிடுகிறார்கள்.

பிந்திப் போவது

காதல் படத்துக்குக் கால் மணி பிந்தினால் குடிமுழுகிப் போகாது. த்ரில்லர் அப்படியில்லை. முடிச்சை அவிழ்க்கும் சாவியை முதல் காட்சியிலேயே, ஒன்றும் தெரியாததுபோல் கண்முன் வைத்துவிட்டுப் போவார்கள். 1960-இல் 'சைக்கோ' வெளிவந்தபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் தியேட்டர்காரர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டார். விளம்பரத்தில் பெரிதாகத் தெரிந்த நடிகை அதில் முதல் பாதியிலேயே கொல்லப்படுகிறார். பிந்தி வந்தவர் அவரைத் தேடியே மீதிப் படத்தைப் பார்த்திருப்பார்.

எங்கள் கதைக்கு வருகிறேன். "எப்படியும் மொதல்ல பத்து நிமிஷம் விளம்பரம்தான் ஓடும்" என்றது நான்தான். அன்றைக்கு ஓடவில்லை. எட்டே எட்டு நிமிஷம் போயிற்று. கடைசியில் துப்பறிகிறவர் ஒரு பேனாவை மேஜையில் உருட்டிவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். எதிரே இருக்கிறவன் இடது கையை நீட்டுகிறான். அரங்கமே "ஆ" என்றது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இடது கைக்கு என்ன வந்தது?

வெளியே வரும்போது யாரோ பேசியது காதில் விழுந்தது: முதல் காட்சியில் முகம் தெரியாத ஒருவன் இடது கையால் கடிதம் எழுதுகிறானாம்.

வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக் கதவைத் திறக்கும்போது மட்டும், "கெளம்புற நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க, ஞாபகம் இருக்கா?" என்றாள். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இருட்டில் உட்காரப் போகிறவனுக்கு! இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

நஷ்டம் அந்த எட்டு நிமிஷத்தோடு நிற்பதுமில்லை. வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் பிடிக்கும். அதற்குள் வரும் இரவுக் காட்சியில் மூலையில் நிற்கிறவன் உங்களுக்கு வெறும் கறுப்புதான். விளக்கு அணைவதற்கு முன்பே போய் உட்காருங்கள்.

ஊகத்தை வாய்விட்டுச் சொல்வது

தப்பாக இருந்தால் பரவாயில்லை. சரியாக இருந்தால்தான் சண்டை.

டிரெய்லரை மறுபடி மறுபடி பார்த்துவிட்டுப் போவது

வேண்டாம்.

கிடைத்த சீட்டில் உட்கார்வது

பயத்தில் பாதி காது வழியாகத்தான் வருகிறது. திரையிலிருந்து அரங்கின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் உட்காருங்கள். ஒலியை அளந்து சரிசெய்வது அந்த இடத்தை வைத்துத்தான். சுவரோரம் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கர் காதிலேயே கத்தும்; முதுகுக்குப் பின்னால் கேட்க வேண்டிய காலடிச் சத்தம் அதில் அமுங்கிப்போகும்.

கூட வருகிறவரைக் கேட்காமல் டிக்கெட் எடுப்பது

த்ரில்லர் பிடிக்கும் என்று சொன்னாளே என்று எடுத்துவிடுவேன். அவளுக்குப் பதற்றம் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். ரத்தம் ஒரு துளி ஆகாது. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க மூன்று படம் ஆயிற்று. மூன்றிலும் அவள் பார்த்தது தன் உள்ளங்கையைத்தான்.