பழைய கெர்னலுக்கு டைமிங் திருத்தம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பணகுடிப் பக்கம் ஒரு காற்றாலையில் சென்சார்களைப் படிக்கும் பெட்டி லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 4.19-இல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2018-இல் வந்த அந்தக் கெர்னலுக்கான நீண்டகால ஆதரவு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ரீசெட் ஆன சென்சார் சிப் தயாராகும் முன்பே டிரைவர் (சிப்பை இயக்கும் நிரல்) அதைப் படித்துவிடுகிறது. புதிய கெர்னலில் திருத்தம் இருக்கிறது. பழையதற்கு நாம்தான் கொண்டுவர வேண்டும்.

பேட்ச் (திருத்தக் கோப்பு) சிக்கலில்லாமல் பொருந்தியது, கம்பைலும் ஆனது, அப்புறம் என்ன என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. புதிய கெர்னலில் அந்த ஃபங்ஷனை மியூடெக்ஸ் (பிடித்தபடி தூங்க இடம்தரும் பூட்டு) பிடித்துக்கொண்டு அழைத்திருக்கலாம், அங்கே தூங்கலாம். பழையதில் அதுவே ஸ்பின்லாக்குக்குள் (பிடித்தபடி தூங்கக் கூடாத பூட்டு) ஓடலாம். அங்கே எம்ஸ்லீப் (மில்லிவினாடிக் கணக்கில் தூங்கவைக்கும் ஃபங்ஷன்) வந்தால் ‘ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்’ என்று லாக் நிறையும். சில நேரம் பெட்டியே உறைந்துவிடும். பேட்ச் தொட்ட வரிகளோடு நிறுத்தாமல், பழைய சோர்ஸில் அந்த ஃபங்ஷனை யார் யார் அழைக்கிறார்கள் என்று கடைசிவரை தேடுங்கள். சோதனைக் கெர்னலில் அட்டாமிக் ஸ்லீப் டீபக் (இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்கும் அமைப்பு) கட்டாயம் இருக்கட்டும்.

கேட்ட நேரத்துக்கேற்ற காத்திருப்பைத் தானே தேர்ந்தெடுக்கும் எஃப்ஸ்லீப், கெர்னல் 5.8-இல்தான் வந்தது. 4.19-இல் அது இல்லையே என்று அவசரமாக எம்ஸ்லீப் போடுவார்கள். ஹெச்இசட் (வினாடிக்கு எத்தனை டைமர் துடிப்பு என்ற அமைப்பு) 100 உள்ள கெர்னலில் 1 மில்லிவினாடி கேட்டால் 20 வரை போய்விடும். ரீசெட்டுக்குப் பரவாயில்லை, ஒவ்வொரு அளவீட்டிலும் என்றால் தரவு தவறும். 10 மைக்ரோவினாடி வரை யுடிலே (தூங்காமலே காத்திருப்பது), அதற்கு மேல் 20 மில்லிவினாடி வரை யுஸ்லீப்-ரேஞ்ச் (குறைந்தது, அதிகம் என்று எல்லை தந்து தூங்குவது), அதையும் தாண்டினால் எம்ஸ்லீப் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எஃப்ஸ்லீப் வந்த புதிதில் உள்ளே செய்ததும் இதுவே.

திருத்தத்தில் சிப்பின் ரெஜிஸ்டரில் (அதன் கட்டுப்பாட்டு நினைவிடம்) எழுதியதும் அதையே திரும்பப் படிக்கும் ஒரு வரி இருந்தால், வீண் என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். பிசிஐ-யில் (சிப்பை இணைக்கும் பாதை) எழுதியது வழியில் தங்கிவிடலாம், திரும்பப் படித்தால்தான் அது போய்ச் சேர்ந்தது உறுதியாகும். இல்லாவிட்டால் அது சிப்பைச் சேரும் முன்பே நம் காத்திருப்பு தொடங்கிவிடும். இது புரியாமல் தாமதத்தின் எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவது நோயை மூடி வைப்பதுதான்.

கமிட்டின் (சோர்ஸில் பதிவான மாற்றம்) ‘ஃபிக்சஸ்’ வரியையும் (எந்தப் பழைய கமிட்டின் பிழையைத் திருத்துகிறது என்று சொல்வது), அந்தத் திருத்தத்துக்கே பிறகு வந்த திருத்தங்களையும் பாருங்கள். கிட்-இன் செர்ரி-பிக்கில் (ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வரும் கட்டளை) மைனஸ் எக்ஸ் சேர்த்தால் மூலக் கமிட் எண் கூடவே வரும்.

ரீபூட் மட்டும் செய்து சோதித்தால் போதாது, மின்சாரத்தை முழுதாக நிறுத்தியும் பாருங்கள். ரீபூட்டில் சிப்புக்கான மின்சாரம் துண்டிக்கப்படாமலே இருந்திருக்கலாம். ஆனி, ஆடிக் காற்றில் டவருக்கு ஆளை அனுப்பும் நிலை வரக்கூடாது. திருத்திய கெர்னலை மாசி, பங்குனியிலேயே ஏற்றிவிடுங்கள், பழைய கெர்னலையும் பூட்லோடரில் (கெர்னலைத் தொடங்கிவைக்கும் நிரல்) விட்டு வையுங்கள்.