டோரண்ட் பதிவிறக்கம்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திய பிறகு, மலேசியாவின் பட்டர்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் கணினி வகுப்புக்குப் பழைய மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு வருவோர் கூடிவிட்டார்கள். அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவ வேண்டும் என்றால், அதன் ஒரு வகையான உபுண்டுவின் நிறுவல் கோப்பு மட்டுமே ஏறத்தாழ 6 ஜிபி ஆகிறது. நடுவில் இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பதால், அதை டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை வழியே இறக்கிக்கொள்ளும்படி சொல்கிறேன். உடனே சிலர் 'அது சட்டவிரோதமாயிற்றே' என்று பின்வாங்குகிறார்கள். சிலரோ வெகுநாளாகப் படங்களை அப்படித்தான் இறக்குவதாகச் சொல்கிறார்கள். அந்த முறை எப்படி இயங்குகிறது என்பது இரு தரப்பினருக்குமே தெரிவதில்லை. நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்தே தொடங்குகின்றன.

பிராம் கோஹென் என்ற நிரலாளர் 2001-இல் உருவாக்கிய பிட்டோரண்ட் முறையில் (டோரண்ட் என்பது இதைத்தான்), கோப்பு ஒரே கணினியிலிருந்து வருவதில்லை. அது சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. உங்களிடம் இல்லாத துண்டுகளைப் பிறர் தருகிறார்கள், உங்களுக்கு வந்து சேர்ந்த துண்டுகளை உங்கள் கணினி அப்போதே மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து சமைக்கும் கூட்டாஞ்சோற்றில் வெறுங்கையோடு உட்கார்ந்து உண்பவர் எவருமில்லை அல்லவா, அதைப் போன்றது இது. ஆகவே முதல் தவறு, 'நான் இறக்க மட்டும்தான் செய்கிறேன்' என்று எண்ணிக்கொள்வது. இறக்குகிற ஒவ்வொருவரும் அதே நேரத்தில் விநியோகிப்பவரும் ஆகிறார்.

மலேசியாவில் இருப்பவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மீறிய படிகளை விநியோகிப்பதைக் குற்றமாக வரையறுக்கிறது. 2011-இல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் உத்தரவின்படி, கோப்புப் பகிர்வுத் தளங்கள் பலவற்றை இணையச் சேவை நிறுவனங்கள் முடக்கவும் செய்தன. 'யாருக்குத் தெரியப்போகிறது' என்ற நினைப்பும் சரியன்று. ஒரு கோப்பைப் பகிரும் கூட்டத்தில் சேர்ந்ததுமே இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்ணான ஐபி முகவரி அதில் உள்ள மற்றவர்களுக்குத் தெரியும். அது தெரியாமல் துண்டுகளை உங்களுக்கு அனுப்பவே முடியாது. இணைப்பை வேறொரு கணினி வழியே திருப்பிவிடும் விபிஎன் போட்டால் அந்த முகவரி மறையலாம், ஆனால் உரிமையில்லாத ஒன்று அதனால் உரிமையுள்ளதாகிவிடாது. முறை குற்றமன்று, எதைப் பகிர்கிறோம் என்பதைப் பொறுத்தே குற்றம் வருகிறது என்பதைத் தயங்குகிறவர்களுக்குப் பொறுமையாக விளக்குவேன். உபுண்டு, இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன், இலவச அலுவலகச் செயலித் தொகுப்பான லிப்ரேஆபிஸ் ஆகியவற்றை உருவாக்குவோரே, பதிவிறக்கத்தைத் தொடங்க உதவும் சிறிய டோரண்ட் கோப்பைத் தங்கள் அதிகாரபூர்வத் தளங்களில் தருகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் இவற்றில் ஒன்றை முதலில் இறக்கிப் பழகுவது நல்லது.

அடுத்த தவறு, டோரண்டை இறக்குவதற்கான செயலியைத் தேடும்போது நேர்கிறது. தேடல் முடிவுகளில் முதலில் தெரிவது பெரும்பாலும் விளம்பரமாகவே இருக்கும்; அங்கே பளபளக்கும் பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினால், கேட்காத இரண்டு மூன்று செயலிகளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். க்யூபிட்டோரண்ட், டிரான்ஸ்மிஷன் போன்ற, மூலநிரல் எவரும் பார்க்கும்படி திறந்திருக்கும் திறமூலச் செயலிகளை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். சொந்தத் தளம் என்பதும் முழு உத்தரவாதமன்று. 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷனின் அதிகாரபூர்வத் தளத்திலேயே மேக் கணினிக்கான 2.90 பதிப்பின் நிறுவியை யாரோ மாற்றி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் கீரேஞ்சர் என்ற நச்சுநிரலை அதற்குள் வைத்துவிட்டார்கள். முக்கியமான படங்களுக்கும் ஆவணங்களுக்கும் வெளி வன்தட்டில் ஒரு நகல் வைத்துவிட்டுத்தான் புதிய செயலி எதையும் நிறுவ வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

எல்லாவற்றையும்விட அதிகச் சேதம் விளைவிக்கும் தவறு எது என்பதைச் சென்ற ஆண்டு ஒரு மாணவனின் மடிக்கணினி எனக்குக் காட்டியது. பக்கத்து ஊரான பிறையிலிருந்து அம்மாவோடு வந்திருந்த அவன் நான்காம் படிவம் படிக்கிறான். "அண்ணே, படம் ஓடவே மாட்டேங்குது, ரெண்டு மூணு தடவ திறந்து பார்த்துட்டேன்" என்றான். திரையில் வீடியோவுக்குரிய சின்னம்தான் இருந்தது. பெயரும் எம்பி4 என்றுதான் முடிந்தது. ஆனால் அளவு 2 எம்பிகூட இல்லை. விண்டோஸ் கோப்பு வகையைக் குறிக்கும் கடைசி எழுத்துகளை இயல்பாகவே மறைத்து வைத்திருக்கும். அந்த அமைப்பை மாற்றியதும், எம்பி4-க்குப் பின்னால் புள்ளி வைத்து நிரலுக்குரிய இஎக்ஸ்இ என்ற வால் வெளிப்பட்டது. அவன் மூன்று முறை திறந்தது படத்தை அன்று, ஒரு நிரலை. அன்று மாலை முழுவதும் அம்மாவின் கைத்தொலைபேசியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றினோம். வன்தட்டை முற்றாக அழித்தோம். நகல் எடுத்து வைக்காத குடும்பப் படங்களும் அதோடு போயின. அந்த அம்மாவின் முகம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

"செயலி நூறு விழுக்காடு சரிபார்த்ததாகச் சொன்னதே" என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. டோரண்ட் கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் எனப்படும் கைரேகை போன்ற குறியீடு இருக்கிறது. வந்த துண்டு அதோடு பொருந்தாவிட்டால் செயலி அதைத் தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் கேட்கும். ஆகவே அந்தச் சரிபார்ப்பு, முதலில் பகிர்ந்தவர் வைத்தது அப்படியே வந்து சேர்ந்தது என்பதை மட்டுமே உறுதிசெய்கிறது. அவர் நஞ்சை வைத்திருந்தால் நஞ்சும் துல்லியமாகவே வந்து சேரும். டோரண்ட் இணைப்பை யாரிடமிருந்து எடுத்தோம் என்பதைச் செயலியால் நமக்காகப் பார்க்க முடியாது.

கோப்புறை விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை தேவை. 2010-இல் நீதிமன்ற உத்தரவால் நிறுத்தப்பட்ட லைம்வயர் போன்ற பழைய கோப்புப் பகிர்வுச் செயலிகளில், பகிர்வதற்கென்று தவறான கோப்புறையைத் தேர்ந்தெடுத்தவர்களின் சொந்த ஆவணங்கள் ஊரறியப் போயின. டோரண்டில் நீங்கள் சேர்த்த கோப்புகள் மட்டுமே பகிரப்படும் என்றாலும், அடையாள அட்டை நகலும் சம்பளச் சீட்டும் கிடக்கும் இடத்தில் பதிவிறக்கங்களைக் கொட்டாமல் தனிக் கோப்புறை வைத்துக்கொள்வதே முறை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதிவேற்றத்துக்கு வரம்பு வைக்காமல் விட்டால், அது இணைப்பை முழுக்க நிரப்பி வீட்டிலுள்ள மற்றவர்களின் காணொளி அழைப்பைக் கெடுக்கும். உங்கள் பதிவிறக்கமே மந்தமாகிவிடும். உங்கள் பதிவேற்ற வேகத்தில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வரம்பாக வையுங்கள். கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் இதைச் செய்யாதீர்கள், கொடுக்கும் துண்டுகளும் உங்கள் டேட்டாவில்தான் கழியும். கல்லூரி விடுதியில் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள விதியைக் கேட்டறிய வேண்டும்.

வகுப்பில் அடிக்கடி காணும் இன்னொரு தடுமாற்றம், 6 ஜிபி கோப்பை நேராகப் பென் டிரைவில் இறக்க முயல்வது. பல பென் டிரைவ்கள், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காத ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் இருப்பதால், 4 ஜிபியைத் தொட்டதும் பிழை காட்டி நின்றுவிடும். வன்தட்டில் இறக்கி, அதிகாரபூர்வத் தளத்தில் தந்திருக்கும் ஷா256 என்ற ஹேஷ் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதைப் பென் டிரைவில் எழுத வேண்டும். பழைய மடிக்கணினியில் அந்த ஒப்பீடு முடிய ஓரிரு நிமிடங்கள் ஆகலாம். எழுத்துகள் முழுவதும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் வகுப்பில் நிறுவலைத் தொடங்குகிறோம்.